கறுப்பு வயரில் இருந்து தொடங்குங்கள்

போன இதழில் பழைய கார் வயரிங் பற்றிக் கேளுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: "முழு வயரிங்கையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடட்டா, ஐயா?" பொறுங்கள். 45 வருசமாக இந்த வேலை செய்கிறேன். முழுதாக மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலையில் என்னிடம் வந்த கார்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். மற்றதெல்லாம் ஏதோ ஒரு ஸ்குரூவுக்கு அடியில் இருந்த கறளோடு முடிந்த கதைகள்.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர், 1964ஆம் ஆண்டுக் கார். பிறேக்கை மிதித்தால் இடப்பக்கப் பின் லைற் மங்கலாக எரிகிறது. லைற் சுவிச் போடாமலே மீற்றருக்குள் வெளிச்சம் மினுங்குகிறது. சிக்னல் போட்டால் ரெயில் லைற்றும் சேர்ந்து துடிக்கிறது. கராஜில் வயரிங் முழுக்கப் போய்விட்டது என்கிறார்கள். (மானிப்பாய் வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. சுவிச் போடாமல் மீற்றர் லைற் எரிகிறது என்றால் கரண்ட் வரக்கூடாத வழியால் வந்திருக்கிறது. அது ஏன் வந்தது என்று யோசித்தால் சரி.

பின் லைற் பல்ப்புக்குள் இரண்டு இழை. 21 வாற் இழை பிறேக்குக்கு, 5 வாற் இழை ரெயில் லைற்றுக்கு. இரண்டும் பல்ப்பின் பித்தளை உடம்பில் ஒன்றுசேர்ந்து, லைற் கூடு, மட்கார்ட் தகடு, பொடி என்று போய்ப் பற்றரிக்குத் திரும்பவேண்டும். இந்தத் திரும்பும் வழிதான் ஏர்த். அது அடைபட்டால் பிறேக் கரண்ட் சும்மா நிற்காது. பக்கத்தில் இருக்கும் 5 வாற் இழைக்குள் தலைகீழாக ஏறும். அங்கிருந்து சிவப்பு வயரைப் பிடித்து மற்றப் பக்க ரெயில் லைற், முன் பார்க் லைற், மீற்றர் லைற் எல்லாவற்றுக்குள்ளாலும் புகுந்து வேறொரு ஏர்த்தைத் தேடிப்போகும். ஒழுங்கையை மறித்தால் வேலி பாய்ந்து வளவுக்குள்ளால் போகிற ஆட்களைப் போலத்தான். மங்கல், மினுக்கம், துடிப்பு மூன்றும் ஒரே பழுதின் மூன்று முகம்.

இதைக் கண்டுபிடிக்க வோல்ற் அளக்கிற சாதாரண மீற்றர் ஒன்று போதும். 20 வோல்ற் டீசியில் வையுங்கள். பிறேக்கை ஒருவர் மிதித்துப் பிடிக்கட்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பெடலுக்கும் சீற்றுக்கும் இடையில் ஒரு தடியைக் கொடுங்கள். மீற்றரின் ஒரு முனை லைற் கூட்டில், மறுமுனை நேரே பற்றரியின் ஏர்த் முனையில். (உங்கள் காரில் ஏர்த் பிளஸ் பக்கம், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். மீற்றரில் மைனஸ் குறி வந்தால் பதறவேண்டாம்.) ஏர்த் நல்லதென்றால் 0.1 வோல்ற், மிஞ்சினால் 0.2. இரண்டு, மூன்று என்று காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. இப்போது லைற்றில் வைத்த முனையைப் படிப்படியாகப் பற்றரிப் பக்கம் நகர்த்துங்கள்: கூடு, ஸ்குரூ, மட்கார்ட், பொடி. எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் வோல்ற் திடீரென்று விழுகிறதோ அங்கே கையை வையுங்கள்.

போன வருசம் காரைநகரில் இருந்து இதே மாதிரி ஒரு மைனர் வந்தது. ஒவ்வொரு நாளும் கடல் நடுவே போகிற பாதையால் வந்துபோகிற கார். லைற்றைக் கழற்றினேன். வெளியே பார்க்க குரோம் பளபளவென்று இருந்தது. ஸ்குரூவைச் சுழற்ற மண்ணிறத் தூள் மாவு மாதிரி உள்ளங்கையில் கொட்டியது. போதாக்குறைக்கு, பெயின்ற் அடித்தவர் ஸ்குரூத் துளைக்கும் சேர்த்து மூன்று பூச்சுப் பூசியிருந்தார். லைற் பெயின்றில் உட்கார்ந்திருந்தது, தகட்டைத் தொடவே இல்லை. கத்தி முனையால் துளையைச் சுற்றி வெள்ளைத் தகடு தெரியும் வரை சுரண்டி, பல்லு வாசர் ஒன்று போட்டு, ஸ்குரூவை இறுக்கி, மேலே வாஸ்லீன் பூசினேன். பிறகு, உப்புக் காற்றை நம்ப முடியாததால், லைற் கூட்டில் இருந்து டிக்கிக்குள் பொடிக்கு ஒரு கறுப்பு வயரும் தனியாக இழுத்துவிட்டேன். வேலை முடிய 40 நிமிசம். அவரிடமும் வேறு ஒரு கராஜில் முழு வயரிங்குக்கு விலை சொல்லியிருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. பல்ப்பைக் கழற்றிவிட்டு மீற்றரை வைத்து "12 வோல்ற் வருகுதே, வயர் நல்லது" என்று முடிவு கட்டாதீர்கள். இந்தக் கார்களுக்கு மின் சாமான் செய்த லூக்காஸ் கொம்பனியின் அந்தக் கால வயரில் மெல்லியதில் 14 இழை. அதில் 13 அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 12 காட்டும், ஏனென்றால் மீற்றர் கரண்ட் குடிப்பதில்லை. 21 வாற் பல்ப்புக்கு ஏறக்குறைய 1.75 அம்பியர் வேண்டும். அதை அந்த ஒற்றை இழையும் களிம்பு பிடித்த மூட்டும் கொடுக்காது. எப்போதும் லைற் எரிகிறபோதே சோதியுங்கள்.

கேள்வி: என்னுடைய ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஏ60இல் வயர்கள் எல்லாம் ஒரே அழுக்கு நிறம். எது எங்கே போகிறது என்று எப்படிப் பிடிப்பது? (சுன்னாகம் வாசகர்)

பதில்: சீலை சுற்றிய வயர் வெயிலிலும் எண்ணெயிலும் நிறத்தை இழந்துவிடும். ஆனால் கிளிப்புக்கு உள்ளே, ரேப்புக்கு அடியில், தகட்டைத் துளைத்துப் போகிற இடத்து ரப்பருக்குள் நிறம் அப்படியே இருக்கும். அங்கே ஒரு அங்குலம் பிரித்துப் பாருங்கள்.

1960களின் பிரித்தானியக் கார்களில் நிறங்களுக்கு ஒரு சாதி ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பற்றரியில் இருந்து நேரே வருவது. பியூஸும் இல்லை, திறப்பும் தேவையில்லை. என்னைக் கேட்டால் பயப்படவேண்டிய வயர் அது ஒன்றுதான். வெள்ளை, திறப்புப் போட்டால் உயிர் வருவது; கொயிலுக்கும் கரண்ட் பெற்றோல் பம்புக்கும் போகும், அதற்கும் பியூஸ் இல்லை. அந்த வெள்ளை பியூஸைத் தாண்டியதும் பச்சை ஆகிவிடும். மண்ணிறம் பியூஸைத் தாண்டினால் ஊதா, அது ஹோர்னுக்கு. சிவப்பு பார்க் லைற், நீலம் ஹெட்லைற், மஞ்சள் டைனமோ, கறுப்பு ஏர்த். பிறகு கோடுகள்: நீலத்தில் வெள்ளைக் கோடு உயர்ந்த வெளிச்சம், சிவப்புக் கோடு டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடச் சிக்னல், வெள்ளைக் கோடு வலச் சிக்னல், ஊதாக் கோடு பிறேக்.

இதைத் தெரிந்துவைத்தால் பாதிப் பழுதை பொனற்றைத் திறக்காமலே சொல்லலாம். வைப்பர், சிக்னல், பிறேக் லைற், பெற்றோல் மீற்றர் நான்கும் ஒரே நாளில் களைத்துப்போனால் நான்கு பழுது இல்லை. நான்கும் பச்சைக் குடும்பம். பியூஸ் பிடிக்கும் கிளிப்பைப் பாருங்கள், பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். தேய்த்து, கிளிப்பைக் குறட்டால் மெல்ல நெருக்கிவிட்டால் நான்கும் எழும்பும்.

வயர் முனைகளைச் செருகி இணைக்கிற புல்லற் மூட்டுகளைப் பழப்புளி போட்டு மினுக்கலாமா என்று இவரே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார், அம்மா குத்துவிளக்கு மினுக்குவதைப் பார்த்து. மினுங்கும்தான். ஆனால் மூட்டுக்குள் தங்கும் புளி ஒரு மாதத்தில் பழையபடி களிம்பைக் கொண்டுவரும். மெல்லிய சாண்ட் பேப்பர் போதும்.

கேள்வி: மழை நாளிலும் பள்ளத்தில் விழுந்தாலும் ஒரு பியூஸ் எரிகிறது. மாற்றி மாற்றி ஒரு பெட்டி பியூஸ் முடிந்துவிட்டது. ஒருவர் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிவிடச் சொன்னார். (பருத்தித்துறை வாசகி)

பதில்: தங்கச்சி, அந்த ஆளைக் காருக்குக் கிட்ட விடாதீர்கள். பியூஸ் எரிவது உங்கள் கார் எரியாமல் இருப்பதற்காக.

இதற்கு 21 வாற் பல்ப் ஒன்று, ஹோல்டர் ஒன்று, இரண்டு துண்டு வயர் வேண்டும். எரிந்த பியூஸைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு கிளிப்புக்கும் நடுவில் இந்தப் பல்ப்பைப் பூட்டுங்கள். அந்த பியூஸில் ஓடுகிற சாமான்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். வயர் எங்காவது தகட்டில் முட்டிக்கொண்டிருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். 2 அம்பியருக்கு மேல் போக அது விடாது, அதனால் எதுவும் கருகாது. ஒரு பியூஸும் செலவில்லை. இனிப் பல்ப்பை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு வயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக அசையுங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது பல்ப் அணைகிறதோ அல்லது மினுங்குகிறதோ அதுதான் இடம். உங்கள் கார் அசைவில்தான் பழுது காட்டுகிறது. ஆகவே ஆரம்பத்தில் பல்ப் எரியாவிட்டால் ஒருவரைப் பம்பரில் ஏறி நின்று காரைக் குலுக்கச் சொல்லுங்கள்.

நான் முதலில் பார்ப்பது மூன்று இடம். எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே வயர் நுழைகிற துளை: ரப்பர் உக்கி விழுந்திருக்கும், தகட்டு விளிம்பு கத்தி மாதிரி. பிறகு ஸ்ரியறிங் தண்டுக்குள் போகிற ஹோர்ன் வயர். மூன்றாவது, எலி. எங்கள் ஊரில் கார் நிற்கிற கொட்டிலுக்குள்தான் நெல்லுச் சாக்கும் தேங்காயும் இருக்கும், எலிக்கு வேறு என்ன வேண்டும்? வயரைக் கடித்துச் செம்பை மட்டும் விட்டுவைக்கும்.

பியூஸ் வாங்கும்போது இன்னொன்று. பழைய லூக்காஸ் பியூஸில் 35 என்று போட்டிருப்பது அது எரிகிற அளவு; தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர் அளவுதான். இப்போது கடையில் கிடைக்கும் 35 அம்பியர் பியூஸ் பெரும்பாலும் 35ஐயும் தொடர்ந்து தாங்கும். அதைப் போட்டால் பியூஸுக்கு முதல் வயர் எரியும். 15 அல்லது 17 போடுங்கள்.

கேள்வி: ஒஸ்ரின் ஏ40 சொமசெற். இரவு நிறுத்தினால் காலையில் பற்றரி செத்துக் கிடக்கிறது. இரண்டு பற்றரி மாற்றிவிட்டேன். (சாவகச்சேரி வாசகர்)

பதில்: அண்ணை, மூன்றாவதை வாங்க முதல் ஒரு காலை ஐந்து மணிக்கு எழும்பி, எஞ்சினைத் தொடாமல், டைனமோவின் உடம்பில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் கள்ளன் பிடிபட்டுவிட்டான். கட்டவுட் ஒட்டிப்போயிருக்கிறது.

கட்டவுட் என்பது சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கொன்ற்றோல் பொக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கதவு. டைனமோ 13 வோல்ற் அளவுக்கு எழும்பினால் மூடிப் பற்றரிக்குக் கரண்ட் விடும், எஞ்சின் நின்றால் திறந்துவிடும். அதன் முனைகள் உருகி ஒட்டினால் கதவு திறக்காது, பற்றரி இரவு முழுக்க டைனமோவுக்குத் தீனி போடும். பற்றரியைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, ஒட்டிய முனையை விடுவித்து, மிக மெல்லிய சாண்ட் பேப்பரால் ஒரு தரம் இழுத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்குரூக்களைத் திருகிப் பார்க்கும் ஆசை வரும். அது வேண்டாம்.

டைனமோ குளிர்ந்திருந்தால், பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றி, வயருக்கும் பற்றரி முனைக்கும் நடுவில் 5 வாற் பல்ப் ஒன்று பூட்டுங்கள். எல்லாம் அணைத்திருக்கும்போதும் பல்ப் எரிந்தால் ஒழுகல் உண்டு. பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்ற அணைகிறதோ அந்தப் பக்கம் தேடுங்கள். இரண்டு பியூஸையும் கழற்றியும் எரிந்தால் மண்ணிற வயர்கள்தான் மிச்சம். கையில் மோதிரம், இரும்புப் பட்டி மணிக்கூடு இருந்தால் வேலைக்கு முதல் கழற்றிவிடுங்கள். என் இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

கேள்வி: பிளஸ் ஏர்த் காருக்கு எல்ஈடி பல்ப் போடலாமா? (கோப்பாய் வாசகர்)

பதில்: பிளஸ் ஏர்த்துக்கென்றோ, எந்தப் பக்கம் ஏர்த் என்றாலும் எரியும்படியோ செய்ததைத்தான் போடலாம். மற்றது எரியாது. சிக்னலுக்குப் போட்டால் பழைய பிளாஷர் டிக் டிக் அடிக்காது. இரண்டு 21 வாற் பல்ப்பின் கரண்ட் ஓடிச் சூடானால்தான் அது வேலை செய்யும். ஏர்த்தையே மாற்றப்போகிறீர்கள் என்றால் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றவேண்டும், டைனமோவில் எஃப் என்று போட்டிருக்கும் முனைக்குப் பற்றரியின் உயிர் முனையில் இருந்து ஒரு வயரைக் கணநேரம் தொட்டுக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஆகாது.

கேள்வி: தாத்தாவின் ஏ40ஐத் திருத்த எடுத்தேன். டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் ரேடியோ வயர், சைக்கிள் டைனமோ வயர், சைக்கிள் ரியூப்பால் சுற்றிய மூட்டு என்று ஒரே குப்பை. இப்படி யார்தான் வேலை செய்தார்கள்? (நல்லூர் வாசகர்)

பதில்: கோபிக்காதீர்கள் பிள்ளை. நானாகவும் இருக்கலாம்.

1990களின் முற்பகுதி உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி வரவிடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுழற்றி டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கு எரித்தோம். காரை ஓட்டுவதென்றால் காபறேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் புகையோடு ஏ40கள் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றி ஓடின. அப்போது ஒரு முழ வயர் வேண்டுமென்றால் செத்த ரேடியோவைத்தான் உடைப்போம். ஈயம் கிடையாது, முறுக்கிவிடுவதுதான். ரேப் கிடையாது, சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றுவோம்.

ஆனாலும் இப்போது அதை அப்படியே விடமுடியாது. முதலில் ஒரு கொப்பியில் கீறுங்கள்: எந்த மூட்டு எங்கிருந்து எங்கே. அவசரத்தில் பியூஸைச் சுற்றிக்கொண்டு நேரே மண்ணிறத்தில் பிடித்த வயர் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். நானே அப்படிப் பிடித்திருக்கிறேன். அதை முதலில் வெட்டுங்கள். சைக்கிள் டைனமோ வயர் மீற்றர் லைற்றுக்குப் போயிருந்தால் அவசரமில்லை, ஹெட்லைற்றுக்குப் போயிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இரண்டு ஹெட்லைற்றுக்கும் சேர்த்து 7 அம்பியருக்கு மேல் ஓடும், அந்த வயர் கொதிக்கும். மாற்றும்போது ஒரு வயரைக் கழற்றி, ஒன்றைப் பூட்டி, சோதித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டிவிட்டு நிற்கிற கார்கள் வருசக்கணக்காக நிற்கும்.

இன்னொன்று. ரியூப் நாடா சுற்றிய மூட்டுகளைப் பாருங்கள். மேலே வலை பின்னுகிற நைலோன் நூலால் மூன்று சுற்று, முடிச்சு பக்கவாட்டில் இருந்தால் அது என் கைவேலை. வேறு யாரும் அப்படிக் கட்டியதை நான் காணவில்லை. கண்டால் வெட்டாமல் காரைக் கொண்டுவாருங்கள். அவிழ்த்து ஈயம் வைத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.